மீனா பஜார் ஐரிஷ்காரர்கள்

நாகஜோதியின் விசாவில் அவள் தொழில் தையல்காரி என்று இருந்தது. ஊசியில் நூல் கோக்கவே அவளுக்கு வராது. சினிமாவிலும் விளம்பரப் படங்களிலும் கூட்டத்தோடு கூட்டமாக நிற்க ஆள் பிடித்துக் கொடுக்கும் பர் துபாய் கம்பெனி ஒன்றில் நாலு வருஷமாக வேலை பார்த்தாள். முதலாளி ராஜீவ் நாகர்கோவில்காரர். நொடித்துப்போன ஒரு தையற்கடையை வாங்கித்தான் அவர் இந்தத் தொழிலைத் தொடங்கினார். கடையோடு அதன் விசாக்களும் வந்தன. அதனால் அந்த ஆபீஸில் டிரைவர் முதல் கணக்குப்பிள்ளை வரை அத்தனை பேரும் அரசாங்கத்தின் பார்வையில் தையல்காரர்கள்.

அந்தத் தையல் விசாவும் மாசக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கிற விண்ணப்பம் ராஜீவின் மேசை மேல், காகிதம் பறக்காமலிருக்க வைத்த கண்ணாடிக் குண்டுக்கு அடியில், ஒரு கையெழுத்துக்காக இரண்டு வாரமாகப் படுத்துக் கிடந்தது.

"போடுறேம்மா. அது எங்க ஓடிப் போகுது? இந்த ஐரிஷ் ஆர்டர் முடியட்டும், கேட்டியா," என்றார் ராஜீவ்.

"முடியலைன்னா?"

"முடியலைன்னா கம்பெனியே இருக்காது. அப்புறம் உனக்கு விசா எதுக்கு? மதுரைக்குப் போயி நெசமாவே தையல் படிச்சிக்க."

ஆர்டர் இதுதான். அமெரிக்கப் படக் கம்பெனி ஒன்று துபாயின் வெளிப்புறத்தில் பெரிய கொட்டகைக்குள் ஐரிஷ் மதுக்கடை ஒன்றைக் கட்டியிருந்தது. கதை பாஸ்டனில் தொடங்கி ஏதோ ஒரு பாலைவனத்தில் முடிகிறது; பாலைவனம் இங்கே மலிவு என்பதால் பாஸ்டனையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். அந்தக் கடையில் உட்கார்ந்து குடிக்க, பாட, பிறகு ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ள பன்னிரண்டு ஐரிஷ்காரர்கள் வேண்டும். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம் புதன்கிழமை ஷூட்டிங்.

ஐரிஷ்காரர் எப்படி இருப்பார் என்று அவளுக்குத் தெரியாது. எனவே ஞாயிற்றுக்கிழமை லீவில், அஜ்மான் ரூமில் கட்டில் மேல் உட்கார்ந்து, போனில் ஐந்து அமெரிக்கப் படங்களைப் பார்த்தாள். பார்த்து முடித்தபோது அந்த இனத்தைப் பற்றி அவளுக்குத் தெளிவான ஞானம் வந்திருந்தது. ஐரிஷ் ஆண்களுக்கு நாலே தொழில்: போலீஸ், பாதிரியார், ரௌடி, குத்துச்சண்டை. ஒரே வீட்டில் அண்ணன் போலீஸாகவும் தம்பி ரௌடியாகவும் இருப்பது வழக்கம். அம்மா ஜெபமாலையோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள். பெண்களுக்குச் சிவப்பு முடி, மூக்கு நுனியில் கோபம். எல்லோரும் ஒரே கடையில் குடித்து, அங்கேயே மண்டையை உடைத்துக்கொண்டு, உடைத்தவன் தோளிலேயே கைபோட்டுக்கொண்டு அழுகைப்பாட்டு பாடுவார்கள். குள்ளமாக, பச்சைக் கோட்டு போட்ட ஒரு மாயக் கிழவனும் சில படங்களில் வந்தான். அவன் பாஸ்போர்ட் வைத்திருப்பானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

ஆனால் அவள் விளம்பரம் போட்டதும் வந்த ஐரிஷ்காரர்கள் யாரும் அந்தப் படங்களைப் பார்த்ததாகவே தெரியவில்லை. நீவ் என்று ஒரு நர்ஸ். ஷார்ஜா பள்ளியொன்றில் கணக்கு வாத்தியாரான டெக்லன். கட்டடக் கம்பெனியில் செங்கல் எண்ணிக்கை பார்க்கிறவர், பல் டாக்டர், மனைவியோடு வந்த பைலட் என்று மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லோரும் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் வந்து, வரிசையில் நின்றார்கள். டெக்லன் பாஸ்போர்ட் நகல்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஓரம் மடங்காமல் கொண்டுவந்திருந்தார். நாற்பத்தாறு வயது, முக்கால்வாசி நரைத்த தலை, மெல்லிய உடம்பு, கண்ணாடி. குடிப்பதில்லை.

ஆள் தேர்வு செய்ய வந்த அமெரிக்கரின் பெயர் டாட். வந்ததுமே தன் நெஞ்சைத் தட்டி, "நானும் ஐரிஷ்தான்," என்றார்.

பன்னிரண்டு ஐரிஷ்காரர்களும் மரியாதையாகத் தலையசைத்தார்கள். நாகஜோதி பழக்கதோஷத்தில், "பாஸ்போர்ட் நகல் இருக்கா சார்?" என்று கேட்டுவிட்டாள்.

"பாஸ்போர்ட் அமெரிக்கா. என் தாத்தாவின் அப்பா அங்கிருந்து கப்பல் ஏறினார்."

"சார் போயிருக்கீங்களா?"

"இன்னும் இல்லை. ஆனால் இங்கே இருக்கிறது," என்று மறுபடி நெஞ்சைத் தட்டினார்.

பிறகு ஒவ்வொருவரையும் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தார். அவர் முகம் வாடிக்கொண்டே போனது. டெக்லனிடம் வந்தபோது, "ஏதாவது பேசுங்கள்," என்றார். டெக்லன், தன் ஊர் மேயோ பகுதியில் இருப்பதாகவும் அங்கே மழை அதிகம் என்றும் சொன்னார்.

"நன்றாக இருக்கிறது. இன்னும் கொஞ்சம் ஐரிஷாகப் பேச முடியுமா?"

"நாற்பத்தாறு வருஷமாக முயற்சி செய்கிறேன்," என்றார் டெக்லன். "இவ்வளவுதான் வருகிறது."

டாட் நாகஜோதியைத் தனியே அழைத்துப் போனார். எல்லோரும் நல்ல மனிதர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் யாரும் ஐரிஷ் மாதிரி இல்லை. முடி சிவப்பில்லை. வெள்ளைத் தோலில் வெயிலுக்கு வரும் செம்புள்ளிகள் மூக்கில் இல்லை. அடி வாங்கிய களை எந்த முகத்திலும் காணோம். "பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்துக்கு வந்தவர்கள் மாதிரி நிற்கிறார்கள்," என்றார். அவர்களில் நாலு பேர் அன்று மாலை அப்படி ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது என்பதை அவள் சொல்லவில்லை.

ராஜீவுக்கு ஆத்திரம். "இவனுகளுக்கு நெச ஆளு ஆகாதாமா? எம்மா, நீ நம்ம போட்டோ புக்கை அப்படியே அனுப்பு. பேரு போடாதே, நம்பர் மட்டும் போடு. அவனே எடுத்துக்கட்டும்."

கம்பெனியின் நடைமுறை அதுதான். முந்நூறு முகங்கள், முந்நூறு எண்கள். அரை மணி நேரத்தில் டாட்டின் பதில் வந்தது. பன்னிரண்டு எண்களை எடுத்திருந்தார். நாகஜோதி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சிரியா ரொட்டிக்கடைக்காரர். உக்ரைன் பெண்கள் மூன்று பேர். பெஷாவர் லாரி டிரைவர் இருவர். பதினேழாம் எண்ணுக்கு எதிரே டாட் தனியாக எழுதியிருந்தார்: 'இவர்தான்! அந்தக் கடையின் ஆத்மா. இந்த முகத்தில் ஒரு நாட்டின் சோகமே இருக்கிறது. முதல் மேசையில் இவரை உட்கார வையுங்கள்.'

பதினேழாம் எண், கீழக்கரை முகம்மது சித்தீக். மீனா பஜாரில் முப்பது வருஷமாகத் துணிக்கடை வைத்திருப்பவர். வெயில் பட்டால் சிவக்கும் தோல், பூனைக்கண், மருதாணி போட்டுச் சிவந்த தாடி. எப்போதோ அரபு வியாபாரி வேஷத்துக்காக அவரைப் படம் எடுத்து வைத்திருந்தாள். சோகம் எங்கிருந்து வந்தது என்றால், அன்று அவருக்குப் பல்வலி.

அவள் கடைக்குப் போனபோது சித்தீக் ஒரு வாடிக்கையாளருக்கு ஜார்ஜெட் விரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முழக்கோலைக் கீழே வைத்தார்.

"என்னைய என்னவா நடிக்கச் சொல்றான் தங்கச்சி?"

"அயர்லாந்துக்காரரா, காக்கா," என்றாள். கீழக்கரையில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அது எந்தப் பக்கம்?"

"இங்கிலாந்துக்குப் பக்கத்துல."

"சரி. என்ன செய்யணும்?"

"ஒக்காரணும். பீர் டம்ளரைக் கையில புடிச்சுக்கிட்டு..."

"என்னது!"

"ஆப்பிள் ஜூஸ்தான் காக்கா! மேல நுரை மட்டும் போடுவாய்ங்க. சத்தியமா ஜூஸ்."

சித்தீக் தாடியைத் தடவினார். "ஜூஸுன்னு அல்லாஹ்வுக்குத் தெரியும். கீழக்கரைக்குத் தெரியுமா? படம் வந்த அன்னைக்கே எம் பொஞ்சாதி மதீனா பீவி போன்ல நிப்பா. என் ரெண்டாவது மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கேன். வேற ஆளைப் பாரு."

அவரைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்திருக்கலாம். ஆனால் மறுநாள் அமெரிக்காவிலிருந்து வக்கீல் கடிதம் வந்துவிட்டது. ஒரு இனத்தின் வேடத்தில் அந்த இனத்தவரே நடிக்க வேண்டும் என்பது கம்பெனியின் கொள்கை, அயர்லாந்து பாஸ்போர்ட் இல்லாத எவரையும் அந்தக் காட்சியில் சேர்க்கக் கூடாது, நகல்களை இணைக்கவும். டாட்டுக்குப் போன் செய்தாள். அவர் கடிதத்தை ஆதரித்தார். முகத்தையும் விட்டுக் கொடுக்கவில்லை. பாஸ்போர்ட்டும் ஐரிஷாக இருக்க வேண்டும், பார்த்தால் ஐரிஷாகவும் தெரிய வேண்டும்.

"ரெண்டும் ஒரே ஆளுகிட்ட இல்லையே சார்," என்றாள்.

"அதற்காகத்தானே உங்களை வைத்திருக்கிறோம்," என்றார் டாட்.

ராஜீவ் கண்ணாடிக் குண்டை எடுத்து, விண்ணப்பத்தை ஒரு தடவை பார்த்து, மறுபடி குண்டை வைத்தார்.

சாயங்காலம் மறுபடி துணிக்கடைக்குப் போய் நின்றாள். யாரிடமாவது புலம்ப வேண்டும். சித்தீக் கேட்டுக்கொண்டே துணியை மடித்தார். பிறகு எரிச்சலாகச் சொன்னார்: "ஏன் தங்கச்சி, இந்தச் செவப்புத் தாடியோடயா என்னைய என் உம்மா பெத்தா? மாசம் ரெண்டு தடவை மச்சி ஜுலைஹா அரைச்சுக் குடுக்குறா, பூசுறேன். செவப்புக்கு அயர்லாந்து எதுக்கு? அவகிட்டப் போ."

நாகஜோதி நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு வாசலில் கழற்றிய செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

சித்தீக் மச்சி என்று சொன்ன அவருடைய அண்ணி ஜுலைஹா பீவி இரண்டு கடை தள்ளி, பெண்கள் அழகு நிலையத்தில் மருதாணி போடுகிறவர். கல்யாணப் பெண்களின் கையில் மயிலும் மாங்காயுமாக இழுத்து இழுத்து விரல் காய்த்துப்போனவர். நாகஜோதி சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "வெள்ளைக்காரனை வெள்ளைக்காரன் மாதிரி ஆக்கணும். அம்புட்டுத்தானே?" என்றார்.

"மூக்குல, கன்னத்துல சின்னச் சின்னப் புள்ளியும் வேணும் மச்சி."

"கோன்ல வைக்கலாம். பூ வைக்கிறவளுக்குப் புள்ளி ஒரு வேலையா? ஆனா கறுப்பு மருதாணி கேக்காதே, அது கெமிக்கல். நான் எல அரைச்சதுதான் போடுவேன். ஒண்ணு, முந்தியே சொல்லிப்புட்டேன். இன்னைக்குப் போட்டா ஆரஞ்சா இருக்கும். ரெண்டு நாள் போனாத்தான் நெறம் கூடும். அப்புறம் அழிக்கச் சொல்லி என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

இனி ஐரிஷ்காரர்கள் சம்மதிக்க வேண்டும். நாகஜோதி டெக்லனுக்குப் போன் செய்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்: டாட்டை, வக்கீல் கடிதத்தை, கண்ணாடிக் குண்டுக்கு அடியில் கிடக்கும் தன் விசாவை. சொல்லச் சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்தது. "உங்க நாட்டுக்காரங்களை இப்படி வேஷம் கட்டச் சொல்றது தப்புன்னு தெரியும் சார்."

டெக்லன் முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"இதை நாங்கள் நூற்றைம்பது வருஷமாகச் செய்கிறோம், நாகஜோதி. அமெரிக்காவுக்குப் போன எங்கள் ஆட்களை முதலில் பத்திரிகையில் குரங்கு முகம் வைத்து வரைந்தார்கள். மேடையில் தடியைக் கொடுத்து ஆடச் சொன்னார்கள். ஆடினால் சாப்பாடு, எங்கள் ஆட்களே ஆடினார்கள். சினிமா வந்ததும் போலீஸ் உத்தியோகம் கிடைத்தது, பிறகு பாதிரியார். கொஞ்சம் பதவி உயர்வு. குடியை மட்டும் கடைசிவரை பிடுங்கவில்லை. என் பாட்டியின் தம்பி நியூயார்க்கில் நாற்பது வருஷம் சோப்புக் கம்பெனியில் கணக்கு எழுதினார். அவரைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை."

"எங்க ஊரும் அப்படித்தான் சார். சினிமாவுல மதுரைக்காரன்னா முதுகுல அருவா இருக்கணும். எங்க அப்பா எல்.ஐ.சி. ஏஜெண்டு. பலாப்பழம் நறுக்கவே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவாரு."

"அப்படியானால் வாருங்கள், நம் இருவர் மானத்தையும் சேர்த்தே வாங்குவோம்," என்றார் டெக்லன். "வாழ்க்கையில் ஒரு தடவையாவது ஐரிஷ்காரனாக இருந்து பார்க்க வேண்டும்."

ஞாயிற்றுக்கிழமை மீனா பஜாரில் பன்னிரண்டு ஐரிஷ்காரர்கள் தலையில் பச்சைச் சேறு பூசி, அதன் மேல் பிளாஸ்டிக் பை கட்டி, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள், அழகு நிலையத்துக்குள். ஆண்கள், சித்தீக்கின் துணிக்கடைக்குள், ஜார்ஜெட்டுக்கும் சிஃபானுக்கும் நடுவே. சேலை வாங்க வந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, கடை மாறி வந்துவிட்டோமோ என்று பலகையைப் பார்த்தார்கள். ஜுலைஹா பீவி கோனோடு வந்து ஒவ்வொருவர் மூக்கையும் பிடித்துப் பார்த்தார்.

"ஏய், இந்தப் பல் டாக்டரு ஆடுறாரு. ஆடக் கூடாதுன்னு இங்கிலீஷ்ல சொல்லு."

"பயப்படுறாரு மச்சி."

"அத்தனை பேரு பல்லைப் புடுங்குறவருக்கு என்ன பயம்? மாப்பிள்ளை மாதிரி உக்காரச் சொல்லு!"

சித்தீக் டெக்லனின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர் தலையை நிபுணர் போல ஆராய்ந்தார். "நரைமுடிதான் இதுக்குத் தோது. நெருப்பாப் புடிக்கும் பாருங்க," என்றார் தமிழிலேயே. டெக்லன் நன்றி சொன்னார். என்ன புரிந்ததோ தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நீவ் போன் செய்தாள். குரலில் சிரிப்பும் பதற்றமும் கலந்திருந்தன. ஆரஞ்சாக இருந்த புள்ளிகள் இரண்டு நாளில் செம்பழுப்பாகிவிட்டன. டியூட்டிக்குப் போனவளைப் பார்த்ததும் தலைமை நர்ஸ் நாலடி பின்வாங்கி, தட்டம்மையாக இருக்கும் என்று தனி அறையில் உட்கார வைத்துவிட்டாள். மருதாணி என்று நீவ் எவ்வளவோ சொல்லியும் யாரும் நம்பவில்லை. மூக்கில் யார் மருதாணி போடுவார்கள்? ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை மூன்று நாள் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"லீவுக்கு எப்படிக் கேட்பது என்றுதான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்," என்றாள் நீவ்.

புதன்கிழமை கொட்டகைக்குள் பன்னிரண்டு பேரும் வரிசையாக நுழைந்தார்கள். பச்சைப் பலகைகள், பிடில், புகை படிந்த மர மேசைகள், அவற்றின் மேல் நுரையோடு ஆப்பிள் ஜூஸ். டாட் ஏறிட்டுப் பார்த்தார். கையில் இருந்த காகிதம் தாழ்ந்தது. மெதுவாக டெக்லன் அருகே வந்தார். டெக்லனின் தலை விளக்கொளியில் தகதகவென்று எரிந்தது, கன்னமெல்லாம் புள்ளி, கண்ணாடியைக் கழற்றி வைத்திருந்ததால் எதிரே இருப்பவரை ஒரு மாதிரி உறுத்துப் பார்த்தார். அது கோபம் போலவே இருந்தது.

"இவர் போன வாரம் வந்தாரா?" என்று கேட்டார் டாட்.

வரவில்லை என்றால் பொய். வந்தார் என்றால் கதை முடிந்தது. "சார், நகலைப் பாருங்க," என்று பிளாஸ்டிக் உறையை நீட்டினாள். பாஸ்போர்ட் படத்தில் நரைமுடி, புள்ளியில்லாத கன்னம்.

டாட் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். மேக்கப் பெண்ணிடமிருந்து ஈரத்துடைப்பான் ஒன்றை வாங்கினார். டெக்லனின் கன்னத்தைத் துடைத்தார். அழுத்தித் துடைத்தார். நாகஜோதி மனசுக்குள் அழகர்கோயில் பதினெட்டாம்படிக் கருப்பனைக் கூப்பிட்டுவிட்டாள். துடைப்பானைத் திருப்பி விளக்கில் காட்டினார் டாட். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு புள்ளிகூட அதில் வரவில்லை.

"கடவுளே," என்றார் டாட், மறுபடி நெஞ்சைத் தட்டி. "வெயில் பட்டதும் வெளியே வந்திருக்கிறது. என் தாத்தாவுக்கும் இப்படித்தான். இதையெல்லாம் மேக்கப்பில் கொண்டுவர முடியாது."

"முடியாது சார்," என்றாள் நாகஜோதி.

அடிதடிக் காட்சிதான் படுத்தி எடுத்துவிட்டது. பல் டாக்டர் பைலட்டின் சட்டையைப் பிடித்தவுடன் மன்னிப்புக் கேட்டார். நாற்காலியைத் தூக்கி எறிய வேண்டிய நீவ், எறிந்த இடத்தில் யார் காலிலாவது பட்டதா என்று குனிந்து பார்த்தாள். ஏழாவது தடவையும் டெக்லன், "போதையில் இருப்பவர் எப்படி நடப்பார்?" என்று கேட்டதால், டாட் தானே நடந்து காட்டினார். அதைப் பார்த்து டெக்லன் நடந்தார். பிரமாதமாக வந்தது. அயர்லாந்துக்காரர் ஒருவருக்கு ஐரிஷ் குடிகாரனை ஓர் அமெரிக்கர் சொல்லிக் கொடுப்பதை நாகஜோதி ஜூஸ் கேன் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ராஜீவ் கண்ணாடிக் குண்டை நகர்த்திவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "ரெண்டு வருஷம். போதுமா?"

"அண்ணே, இந்தத் தடவையாவது தொழிலை மாத்தலாமே. ஆள் தேர்வாளர்னு..."

"அந்த விசா நம்ம லைசன்ஸுல இல்ல மக்கா. தையல்தான் காலியா இருக்கு."

விசா விண்ணப்பங்களை டைப் செய்து அரசாங்கத்துக்கு அனுப்பும் டைப்பிங் சென்டருக்குப் போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, டோக்கனோடு உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. டெக்லன். பள்ளி விடுமுறைக்கு அன்று காலையில்தான் ஊர் போயிருந்தார். ஆரஞ்சுத் தலையும் முகமெல்லாம் புள்ளியுமாக டப்ளின் விமான நிலையத்தில் எடுத்த படம், அதன் கீழே அவர் எழுதியது:

'பாஸ்போர்ட்டை நீட்டுவதற்கு முன்னாலேயே அதிகாரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "அமெரிக்காவிலிருந்தா? மூதாதையர் ஊரைத் தேடி வந்தீர்களா?" என்று கேட்டார். வெளிநாட்டுக்காரர் வரிசையைக் காட்டினார்.'

நாகஜோதி சத்தமாகச் சிரித்துவிட்டாள். டோக்கனோடு இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கவுண்டரிலிருந்து அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். உள்ளே இருந்த தமிழ்ப் பெண் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து, சினேகமாகக் கேட்டாள்: "டெய்லரா அக்கா? என் கல்யாணத்துக்குப் பிளவுஸ் தைக்கணும். தைச்சுக் குடுப்பீங்களா?"

"தைக்கலாமே," என்றாள் நாகஜோதி. "மீனா பஜாருக்கு வாங்க. மருதாணியும் போட்டுக்கலாம்."